போப்பாண்டவர் காசுகள்: சில கேள்விகள், சில பதில்கள்

போப்பாண்டவர் காசு சேர்ப்பது பற்றி ஆளுக்கொரு கேள்வி கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: ஒவ்வொரு போப்புக்கும் ஒரு காசாவது சேர்க்க ஆசை. எத்தனை வருஷம் ஆகும்?

பதில்: எத்தனை வருஷமானாலும் ஆகாது. முதல் போப்பான பேதுருவுக்குப் பிறகு பல நூற்றாண்டுகள் எந்தப் போப்பும் தன் பெயரில் காசு அடிக்கவில்லை. எட்டாம் நூற்றாண்டில் முதலாம் ஏட்ரியன்தான் தெனாரியுஸ் என்ற சிறு வெள்ளிக் காசை வெளியிட்டார். ஆளை அடையாளம் காணும்படியான முகம் வேண்டுமென்றால் நான்காம் சிக்ஸ்துஸ் (1471–1484) வரை காத்திருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் என்னிடம் இருக்கும் லீனுஸ் போப் காசு? பேதுருவுக்கு அடுத்தவர் ஆயிற்றே!

பதில்: அது காசல்ல, பதக்கம். 17ஆம் நூற்றாண்டில் ஆதிகாலப் போப்புகளுக்கெல்லாம் கற்பனையாக முகம் வரைந்து வரிசையாகப் பதக்கம் போட்டார்கள். வருத்தப்படாதீர்கள், ஆரம்பத்தில் நானும் இப்படி ஒன்றுக்குக் காசு விலை கொடுத்து அசடு வழிந்தவன்தான். பழைய அச்சுகளை எடுத்துப் பின்னாளில் மறுபடி அடித்த பதக்கங்களும் உண்டு. அதனால் மேலே இருக்கும் ஆண்டை வைத்து வயதை முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி: கையில் பணம் குறைவு. முதலில் எதை வாங்கலாம்?

பதில்: ஒன்பதாம் பத்திநாதரின் ஒரு லீரா வெள்ளி. விற்பவர்கள் பயஸ் என்பார்கள், பியோ என்பார்கள், ஆள் ஒருவர்தான். 1866இல் ஸ்கூடோ, பயோக்கோ என்ற பழைய நாணயக் கணக்கை விட்டு லீராவுக்கு மாறினார்கள். 5 கிராம் எடை, 83.5 சதவீதம் வெள்ளி. ஏராளமாக அடித்ததால் விலை கைக்கு அடங்கும்.

வாங்கியதும் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். முகத்தைச் சுற்றி ஓடும் எழுத்தில் பெயரைத் தாண்டி 'ஆன்' (AN) என்றும், அதையடுத்து ரோமன் எண்ணில் 21 (XXI) என்றும் இருந்தால், அது ஆட்சியாண்டு. அவர் தேர்வானது 1846 ஜூனில். ஆகவே 21ஆம் ஆண்டு 1866 ஜூனில் தொடங்கி அடுத்த ஜூன் வரை போகிறது. 1866 என்று போட்ட காசிலும் 21 இருக்கும், 1867இலும் இருக்கும். இந்தக் கணக்குப் பிடிபட்டால் பிற போப்புகளின் காசும் படிக்க வரும்.

கேள்வி: போப்பே இல்லாத போதும் காசு அடிப்பார்களாமே?

பதில்: ஆமாம். 'சேதே வகாந்தே', அதாவது காலி நாற்காலிக் காசு. ஒருவர் மறைந்தோ விலகியோ அடுத்தவர் வரும்வரை பொறுப்பில் இருக்கும் கர்தினாலின் சின்னம் அதில் இருக்கும். குறுக்காக வைத்த இரண்டு சாவிகள், மேலே விரித்த குடை. நம் வெண்கொற்றக்குடை ஞாபகம் வரும். 1939 முதல் 2013 வரை ஏழு முறை நாற்காலி காலியானது, 1978இல் மட்டும் இரண்டு முறை. தொடங்கினால் முடிக்கக்கூடிய சேகரிப்பு வேண்டுமா, இதைப் பிடியுங்கள்.

கேள்வி: வத்திக்கான் யூரோ?

பதில்: எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. 2017 முதல் பிரான்சிஸ் தன் முகம் வேண்டாமென்று சொல்ல, சின்னம் மட்டும் போட்டார்கள். அந்த மாற்றத்தைக் காட்ட முன்பு ஒன்று, பின்பு ஒன்று வைத்திருக்கிறேன்.

கேள்வி: நீங்கள் எதைச் சேர்க்கிறீர்கள்?

பதில்: வாசகங்களை. பதினோராம் இன்னொசென்ட் (1676–1689) காலத்துத் தெஸ்தோனே என்ற வெள்ளிக் காசு ஒன்றின் பின்பக்கத்தில் நீதிமொழிகள் 28:27 இருக்கிறது: தரித்திரருக்குக் கொடுப்பவன் தாழ்ச்சியடையான். இன்னொன்றில், வாங்குவதைவிடக் கொடுப்பதே மேல் என்று இருக்கும். செலவழிக்க வந்த காசே தன்னைக் கொடுத்துவிடச் சொல்கிறது. நான் பூட்டி வைத்திருக்கிறேன்.

கேள்வி: கறுத்துப்போன வெள்ளிக் காசைப் புளி போட்டுத் துலக்கலாமா?

பதில்: புளியைக் குத்துவிளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.