சோபாவுக்கு அடியில் ஒளிந்த முயல்

கோலாலம்பூர் செந்தூலில், எட்டாவது மாடி வீட்டில் இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கூட வேலை பார்த்த தோழி வெளிநாடு போய்விட்டதால், அவர் வளர்த்த இரண்டு வயது ஆண் முயலை இவர் எடுத்துக்கொண்டார். வந்து நான்கு நாள் ஆகிறது. பகலெல்லாம் சோபாவுக்கு அடியில் கிடக்கிறது. ராத்திரியில் பின்னங்காலால் தரையை ஓங்கி அடிக்கிறது. ஏழு வயது மகள் தூக்கினால் உதைத்துக் கீறுகிறது. கேரட்டைத் தவிர எதையும் ஒழுங்காகத் தின்பதில்லை. "எங்களைப் பிடிக்கவில்லையா? கூண்டைப் பால்கனியில் வைத்தால் காற்றோட்டமாக இருக்குமா? இல்லை, வேறு யாருக்காவது கொடுத்துவிடுவதா?" என்று கேட்கிறார்.

பிடித்திருக்கிறதா இல்லையா என்பது இப்போதைக்கு இருக்கட்டும். முதல் வாரத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது புழுக்கையை. கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, நிறைய விழுந்தால் வயிறு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிறுத்துப்போனாலோ, குறைந்தாலோ, நின்றுவிட்டாலோ ஆபத்து. முயலின் குடல் நிற்காமல் ஓட வேண்டிய இயந்திரம். பயத்தில் சாப்பாடு குறைந்தாலே அது மந்தமாகும், அப்புறம் வலியில் இன்னும் சாப்பிடாது. பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எந்தக் கிளினிக் முயல் பார்க்கும் என்று இன்றைக்கே போன் போட்டு விசாரித்து வையுங்கள். பூனை, நாய் மட்டும் பார்க்கும் இடங்கள் நிறைய. அவசரத்தில் அலைய முடியாது.

கேரட் பிரச்சினைக்கு வருவோம். கேரட் முயலுக்கு மிட்டாய் மாதிரி, அவ்வளவு சர்க்கரை. எப்போதாவது கட்டைவிரல் நகமளவு போதும். அதன் சோறு என்பது உலர்த்திய புல். நம் பேச்சில் வைக்கோல் என்றால் நெல்தாள்தான் நினைவுக்கு வரும், அது வேண்டாம், சத்து போதாது. செல்லப்பிராணிக் கடையில் திமோத்தி புல் என்று கேளுங்கள். சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதுவாகவே இருக்க வேண்டும். குடலுக்கு நார் கிடைக்கும், வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் பற்களும் தேயும். பெல்லட் (கடையில் விற்கும் குச்சி போன்ற தீனி) முயலின் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் போதும். தோழியிடம் என்ன பெல்லட் கொடுத்தார் என்று கேட்டு அதையே கொஞ்ச நாள் கொடுங்கள். மாற்ற வேண்டுமானால் இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். கொத்தமல்லி, புதினா, பாக் சோய் எல்லாம் தரலாம். ஒரு நேரத்தில் ஒரு புதுக் கீரைதான். அதிகாலையில் முயல் தன் பின்புறத்திலிருந்து மென்மையான, திராட்சைக் கொத்து போன்ற ஒன்றை எடுத்துத் தின்பதைப் பார்த்து மகள் முகம் சுளித்தால், விட்டுவிடச் சொல்லுங்கள். அது அப்படித்தான், சத்தை இரண்டாம் முறை எடுத்துக்கொள்கிறது.

பால்கனி வேண்டவே வேண்டாம். கோலாலம்பூரில் பிற்பகல் வெயில் 32, 33 டிகிரியைத் தொடும். முயல் சுகமாக இருப்பது இருபது டிகிரியை ஒட்டி. நம்மைப் போல வியர்க்காது, சூட்டை வெளியேற்றக் காதுதான் முக்கிய வழி. மேற்கு பார்த்த பால்கனி அதற்கு அடுப்பு. போதாக்குறைக்கு டெங்கிக்காக அடிக்கும் கொசுப்புகை நேராக உள்ளே வரும். புகை அடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணியையும் முயல் இருக்கும் இடத்திலிருந்து தள்ளிப் போடுங்கள், அதன் நுரையீரல் தாங்காது. ஹாலில் ஒரு மூலையில் இடம் கொடுங்கள். தண்ணீர் உறைய வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தால் தானே வந்து சாய்ந்துகொள்ளும். டைல்ஸ் குளிர்ச்சிதான், ஆனால் வழுக்கும், ஆகவே பாதி இடத்திலாவது பாய் விரியுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் விளையாட்டில்லை. சாதாரணக் குளிர்ந்த நீரால் காதை நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

சரி, அந்தத் தட்டல். அது கோபம் இல்லை, 'ஆபத்து வருகிறது' என்று கூட்டத்துக்குச் சொல்லும் அலாரம். லிஃப்ட் சத்தமோ இடியோ காரணமாக இருக்கலாம். நம் ஊர் இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முயல் நாய், பூனை போல வேட்டையாடும் பிராணி இல்லை, வேட்டையாடப்படும் பிராணி. மேலிருந்து ஒரு கை வந்து தூக்கினால் பருந்து தூக்குவதாகத்தான் அதற்குத் தோன்றும். மகளிடம் தூக்குவதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லுங்கள். கீறல் எனக்குக் கவலை இல்லை. துள்ளிக் கீழே விழும்போது, அல்லது பலமாக உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறியலாம். காதைப் பிடித்துத் தூக்குவது எப்போதும் கூடாது, பழைய ஆட்கள் செய்வார்கள், தடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். மாலை ஏழு மணிக்கு, விளக்கேற்றிய பிறகு, முயல் இயல்பாகவே சுறுசுறுப்பாகும் நேரம். மகள் சோபாவுக்கு ஐந்தடி தள்ளி, முயலுக்குப் பக்கவாட்டில், தரையில் படுத்துத் தமிழ்ப்பள்ளி வீட்டுப்பாடத்தை வாய்விட்டு வாசிக்கட்டும். முழங்கையருகே ஒரு கொத்தமல்லித் தண்டு. முயலைப் பார்க்கக் கூடாது. இரண்டாம், மூன்றாம் நாளில் மூக்கு நுனி வெளியே வரும். பின்னங்கால் இரண்டும் அங்கேயே ஊன்றி நிற்க, உடம்பு ரப்பர் போல நீளும். தண்டைக் கவ்வும், சட்டென்று பின்வாங்கும். கை நீட்டாதீர்கள். மூக்குக்கு நேர் எதிரே அதற்குக் கண் தெரியாது, விரல் திடீரென்று முளைத்தால் கடிக்கும். அதுவாக வந்து மேலேறி முகர்ந்த பிறகு, பக்கவாட்டிலிருந்து நெற்றியைத் தடவலாம். பல்லை மெல்ல நறநறவென்று உரசினால் அதற்குச் சுகம். ஓங்கி அரைத்தால் வலி.

சோபாவை அடைத்து ஒளிய இடமில்லாமல் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், தானே அங்கு மாறும். தோழி வீட்டில் அது படுத்த துணி கிடைத்தால் துவைக்காமல் வாங்கி உள்ளே போடுங்கள். ஒயர்களை மட்டும் தூக்கிக் கட்டுங்கள். எங்கள் வீட்டு முயல் தீபாவளிக்கு முதல் நாள் வைஃபை ஒயரைத் துண்டித்தது, சொந்தக்காரர்களின் வீடியோ கால் எல்லாம் அப்படியே போச்சு.

மூத்திரம் போகும் மூலையிலேயே பூனை மலம் கழிக்கும் தட்டை வைத்து, ஒரு ஓரம் புல் போடுங்கள். தின்றுகொண்டே போவது அதன் பழக்கம். கட்டியாகும் பூனை மணல் வேண்டாம், காகிதத் துகள் நல்லது. காயடிக்காத ஆணாக இருந்தால் சுவரிலும் பீய்ச்சும். நன்றாகப் பழகிய பிறகு அறுவை செய்துவிடலாம். குளிப்பாட்டாதீர்கள். பூனைக்கு வாங்கிய தெள்ளு மருந்தை இதற்கு ஊற்றாதீர்கள். அதில் ஃபிப்ரோனில் இருந்தால் முயலுக்கு விஷம்.

அடுக்குமாடி நிர்வாக விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டுக்குத் தொந்தரவு என்று எழுத்தில் நோட்டீஸ் வந்தால் மூன்று நாளில் பிராணியை அகற்றச் சொல்ல முடியும். ராத்திரித் தட்டல் கீழ் வீட்டுக்குக் கேட்காமலிருக்கவும் அந்தப் பாய் உதவும்.

திருப்பிக் கொடுப்பது பற்றி: நான்கு நாள் ஒரு கணக்கே இல்லை. சில முயல்களுக்கு இரண்டு மாதம்கூட ஆகும். புல் குறைகிறது, புழுக்கை உருண்டையாக விழுகிறது என்றால் சோபாவுக்கு அடியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.