காமர்ஸ் படித்த தங்கை நர்ஸ் ஆக முடியுமா?

கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், தங்கை ப்ளஸ் டூவில் காமர்ஸ். 4 வருட பி.எஸ்சி. நர்சிங் கிடைக்காது, அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். 3 வருட ஜி.என்.எம். (பொது நர்சிங், மகப்பேறு பராமரிப்பு) டிப்ளமோவுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் எந்த குரூப்பையும் ஏற்கிறது. மொத்தத்திலும் ஆங்கிலத்தில் தனியாகவும் 40 சதவீதம் தேவை. ஆறு மாதச் சான்றிதழ் படிப்பை வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. பணம் கட்டுமுன் கல்லூரிக்குக் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள், கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

வேலை எப்படி என்றால், படுத்த படுக்கையானவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டி, இடுப்பு, குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்க்கணும். அழுத்தியும் சிவப்பு வெளுக்காவிட்டால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். இதற்கு முகம் சுளிக்காதவள் என்றால், சரி, சேர்த்துவிடுங்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்று நர்ஸாக இருக்கிறார்கள். ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.