நித்யகல்யாணியை ஆய்வகத்திலேயே வளர்த்துப் புற்றுநோய் மருந்து எடுக்க முடியாதா? வீட்டு மாடியில் இருக்கும் செடிக்கும் அந்தக் குணம் உண்டா?

வளர்க்கலாம். மருந்துதான் வராது.

பெங்களூரில் எலஹங்கா பக்கம் ஒரு திசு வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குச் சோறு போடுவது வாழைக்கன்று. நித்யகல்யாணி ஓரமாக நடக்கும். இளம் இலையைக் கிருமி நீக்கிச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, சர்க்கரையும் ஹார்மோனும் கலந்த அகார் என்ற கடற்பாசி ஜெல்லி மேல் வைப்போம். சில வாரத்தில் வெட்டிய ஓரமெல்லாம் வெளிர் மஞ்சளாகப் பொங்கிவரும். இதுதான் கேலஸ். ஊறிய ரவை மாதிரி உதிரும். இலையும் இல்லை, வேரும் இல்லை, வெறும் செல் கூட்டம்.

சிக்கல் இங்கேதான். இந்தச் செடி தரும் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டின், கேதரந்தின், வின்டோலின் என்ற இரண்டு ஆல்கலாய்டுகள் (செடி தயாரிக்கும் நைட்ரஜன் கலந்த வேதிப்பொருட்கள்) இணைந்து உருவாவது. முதலாவதைக் கேலஸ் ஓரளவு தரும். வின்டோலினுக்கு அது லாயக்கில்லை. செடிக்குள் அந்தத் தயாரிப்பு இலை நரம்பையொட்டிய செல்லில் தொடங்கி, மேல்தோல் செல்லுக்குப் போய், பால் செல்களில் முடிகிறது. வெளிச்சமும் வேண்டும். எல்லா செல்லும் ஒரே மாதிரி இருக்கிற கேலஸில் யார் யாருக்குக் கைமாற்றுவது? பூச்சி கடித்தால் செடியில் ஊறும் ஜாஸ்மோனேட்டை ஊற்றி ஏமாற்றிப் பார்ப்பார்கள். மற்ற ஆல்கலாய்டுகள் கூடும், இது மசியாது.

யூ மரத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதன் செல்கள் பெரிய தொட்டிகளில் தனியாக வளரும்போதே பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தைத் தருகின்றன. வணிக ரீதியாகவே நடக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் பலரும் எல்லா விஷச் செடிக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறார்கள்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குக் குறைந்தது 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். அப்படியும் நிலத்தில் பயிரிடுவதே மலிவு. எங்கள் விருதுநகர்ப் பக்கம் மானாவாரியில் போடுவார்கள். கசப்புக்கு ஆடு வாய் வைக்காது, வேலிச் செலவு மிச்சம். திசு வளர்ப்பால் ஆகிற உருப்படியான காரியம், ஆல்கலாய்டு அதிகமுள்ள தாய்ச்செடியின் கணுவிலிருந்து அதே குணமுள்ள நாற்றுகளைப் பெருக்குவது. மருந்தையே ஆய்வகத்தில் செய்வதென்றால் என் ஓட்டு ஈஸ்டுக்கு. 2022-இல் செடியின் மரபணுக்களை ஈஸ்டுக்குள் வைத்து கேதரந்தின், வின்டோலின் இரண்டையும் எடுத்து, பிறகு வேதிமுறையில் இணைத்துக் காட்டிவிட்டார்கள். அளவுதான் இன்னும் சொற்பம்.

அப்புறம், உங்கள் மாடிச் செடி. அதே செடிதான், அதே விஷம்தான். சர்க்கரை நோய்க்கு இந்த இலைக் கஷாயம் நல்லதா என்று 1950-களில் கனடாவில் எலிகளிடம் சோதித்தபோது, சர்க்கரை குறையவில்லை, இலைச்சாற்றை ஊசியில் ஏற்றியதும் வெள்ளையணுக்கள்தான் சரிந்தன. மருந்து கண்டுபிடிக்கப்பட்டதே அப்படித்தான். இங்கே அல்சூரில் காலை நடைக்கு வரும் பெரியவர்கள் சிலர் இன்னும் அதைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். பூவைப் பறித்துச் சாமிக்குப் போடுங்கள், கஷாயம் மட்டும் வேண்டாம்.