காதுக்கு ஒரு பெயர், கடைக்கண்ணுக்கு ஒரு ஜெர்சி

கேள்வி: அண்ணா, பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு பெண்கள் கால்பந்து அணி தொடங்கியிருக்கிறோம். 18 பிள்ளைகள், 13 வயது முதல் 19 வரை. ஏரியாவில் ஒரு பெரியவர் டிரெஸ்ஸுக்கு 15,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ‘நார்த் மெட்ராஸ் லேடி டைகர்ஸ் எஃப்.சி.’ என்று பெயர், முழு வெள்ளை டிரெஸ், அதில் தங்க நிற எழுத்து என்று பாதிப் பேர் முடிவே செய்துவிட்டார்கள். மீதிப் பேருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதம் முதல் டோர்னமென்ட். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: பிடிக்கவில்லை என்கிற அந்தப் பாதிப் பேர் பக்கம்தான் நானும். பல வருடமாக அணிகளுக்கு ஜெர்சி தைத்துக் கொடுப்பதுதான் என் தொழில், அதனால் காரணத்தை நான் சொல்கிறேன்.

பெயர் என்பது மைதானத்தில் கத்துவதற்கு. ஜெர்சி என்பது பந்து காலில் இருக்கும்போது தலையைத் திருப்பாமல், கடைக்கண்ணிலேயே ‘அது நம்ம ஆள்’ என்று தெரிந்துகொள்வதற்கு. இந்த இரண்டு வேலையும் நடந்த பிறகு அழகைப் பார்க்கலாம். பெரும்பாலான அணிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. போனில் டிசைனைப் பார்த்து ஓகே சொல்லிவிடுகிறார்கள், மைதானத்தில் இறங்கிய பிறகுதான் பிரச்சினை தெரிகிறது.

பெரிய அணிகளே இதில் அடி வாங்கியிருக்கின்றன. 1996 ஏப்ரல் 13-ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட் சவுதாம்ப்டன் ஊருக்குப் போய் சாம்பல் நிற ஜெர்சியில் ஆடியது. பாதி ஆட்டத்துக்குள் 3-0 என்று பின்தங்கிவிட்டது. கூட்டத்தின் பின்னணியில் தங்களோடு ஆடுகிறவர்களே கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று வீரர்கள் சொல்ல, இடைவேளையில் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் எல்லாரையும் நீலம்-வெள்ளைக்கு மாற்றினார். இரண்டாம் பாதியில் ஒரு கோல் போட்டார்கள், ஆட்டம் 3-1 என்று முடிந்தது. அந்தச் சாம்பல் ஜெர்சியை யுனைடெட் அதற்குப் பிறகு போடவில்லை.

சரி, முதலில் பெயர். ‘நார்த் மெட்ராஸ் லேடி டைகர்ஸ்’ என்று ஒரு தடவை சத்தமாகக் கத்திப் பாருங்கள், பாதியில் மூச்சு வாங்கும். டோர்னமென்ட் போர்டில் எழுதுகிறவர் அதை நான்கு எழுத்தாகச் சுருக்கிவிடுவார், மைக்கில் அறிவிக்கிறவர் ‘டைகர்ஸ்’ என்று மட்டும் சொல்வார், அதே நாளில் இன்னும் இரண்டு டைகர்ஸ் வந்திருப்பார்கள். புலி, சிங்கம், கிங்ஸ், வாரியர்ஸ் எல்லாம் தப்பான பெயர்கள் இல்லை, ஆனால் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடிய பெயர்கள். அப்புறம் அந்த ‘லேடி’. பையன்கள் அணி எதுவும் ‘ஜென்ட்ஸ் டைகர்ஸ்’ என்று வைத்துக்கொள்வதில்லையே, உங்கள் பிள்ளைகள் மட்டும் ஏன் ஒட்டுச் சீட்டோடு இறங்க வேண்டும்? அந்த வார்த்தையைக் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள்.

நல்ல பெயர் பெரும்பாலும் காலுக்குக் கீழேதான் இருக்கும். நம் ஊரின் பழைய கிரிக்கெட் கிளப்புகளைப் பாருங்கள்: எழும்பூர் எக்ஸெல்சியர்ஸ், மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப், ஆழ்வார்பேட்டை கிரிக்கெட் கிளப். பேட்டையின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. 2014-ல் வந்த சென்னையின் எஃப்.சி. ஊர்ப் பெயரோடு ‘இன்’ என்று ஒரு ஒட்டைச் சேர்த்ததோடு சரி, எந்த மிருகத்தையும் கூப்பிடவில்லை. சென்னையின் வெற்றி, சென்னையின் கோல் என்று பின்னால் எதைச் சேர்த்தாலும் வாக்கியமாகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது. சேப்பாக் சூப்பர் கில்லீஸ் என்ற கிரிக்கெட் அணியின் பெயரில் தெருவில் ஆடின கில்லி இருக்கிறது.

உங்களுக்கோ பக்கத்திலேயே பெயர் கிடக்கிறது: லோகோ, அதாவது ரயில் எஞ்சின். மெட்ராஸ் ரயில்வே 1850-களில் தொடங்கிய பட்டறை உங்கள் ஊரில் இருக்கிறது, ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-லிருந்து ரயில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறது, உங்கள் பிள்ளைகளில் சிலருடைய தாத்தாவோ அப்பாவோ அங்கே வேலை பார்த்திருக்கலாம். மேலே சொன்ன அதே மான்செஸ்டர் யுனைடெட் 1878-ல் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் ரயில்வே கேரேஜ் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணிதான். அர்செனல் 1886-ல் ஓர் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது, பெயரிலேயே அது இருக்கிறது. மாஸ்கோவில் லோகோமோட்டிவ் என்றே ஒரு பெரிய அணி இருக்கிறது. ‘பெரம்பூர் லோகோ’ என்று வைத்தால் நீங்கள் யாரையும் காப்பி அடிக்கவில்லை, சொந்த முகவரியைச் சொல்கிறீர்கள். ஸ்பானிஷ் மொழியில் லோகோ என்றால் கிறுக்கு என்று யாராவது கண்டுபிடித்து வந்து சொல்வார்கள், சொல்லட்டும். இங்கே லோகோ என்றால் என்ன என்று பெரம்பூரில் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு முக்கியமான விஷயம் ஓசை. ‘லோ’ ‘கோ’ இரண்டுமே நெடில், இரண்டும் வாயைத் திறந்தபடி முடிகின்றன, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். ‘டைகர்ஸ்’ ‘ஸ்’ஸில் முடிகிறது, காற்றில் கரைந்துவிடும். நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள்: ஒரு பிள்ளையை அந்தப் பக்கத்து கோல் போஸ்ட் அருகே முதுகைக் காட்டி நிற்க வையுங்கள், இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு பெயரையும் ஒரு தடவை கத்துங்கள், அவள் காதில் எது முழுதாக விழுந்தது என்று கேளுங்கள். இரண்டு கோஷ்டிக்கும் சண்டை இல்லாமல் முடிவு கிடைக்கும்.

லோகோ என்ற பெயரில் வேறு அணி பக்கத்தில் ஆடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள், இருந்தால் பேட்டை பெயரைச் சேர்த்தோ வேறு உள்ளூர்ப் பெயரிலோ போங்கள். ரயில்வேயின் சின்னத்தை மட்டும் தொடாதீர்கள், அது அவர்களுடையது. பணம் தருகிற பெரியவரின் பெயரை அணிப் பெயரில் சேர்க்காதீர்கள், ஜெர்சியின் முதுகுக்குக் கீழே அழகாகப் போட்டு நன்றி சொல்லுங்கள். அடுத்த வருடம் வேறொருவர் கொடுத்தால் பெயரை மாற்ற வேண்டி வரும். முதல் டோர்னமென்டில் பெயரை எந்த எழுத்தில் பதிகிறீர்களோ அதையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கையில் வாங்கும் சான்றிதழ்களில் மூன்று விதமாக இருக்கக் கூடாது.

இப்போது நிறம். நீங்கள் மாலையில் ஆடுவீர்கள், ஐந்தே முக்காலுக்கு மேல் வெளிச்சம் குறைய ஆரம்பித்துவிடும். வெளிச்சம் குறையக் குறைய மனிதக் கண்ணில் முதலில் இருளுவது சிவப்புதான், மெரூன் எல்லாம் கறுப்பாகவே தெரியும். நம் மைதானங்களில் பல செம்மண், அதில் பிரவுன், சாம்பல், காவி எல்லாம் தரையோடு தரையாகப் போய்விடும். அப்புறம் தமிழ்நாட்டில் இரண்டு நிறத்தைச் சேர்த்து வைத்தாலே அது யாருடைய கொடி என்று பார்ப்பார்கள். கறுப்பு-சிவப்பு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பள்ளிகளில் சாதி அடையாளமாகக் கலர் கயிறு கட்டுகிற பிரச்சினை நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை வரை போயிருக்கிறது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தயங்காமல் போட்டுக்கொள்ளும் நிறமாக இருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது.

என் யோசனை: உங்கள் ஸ்டேஷன் பெயர்ப் பலகை. மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. ஓடுகிற ரயிலில் இருந்தே படிக்க முடிகிறதல்லவா, அதே காரணத்துக்காக உங்கள் ஜெர்சியும் அப்படி இருக்கட்டும். மஞ்சள் மேலாடை, நெஞ்சில் கறுப்பில் பெரிதாக ‘லோகோ’ என்று தமிழில், கறுப்பு ஷார்ட்ஸ், கறுப்பு சாக்ஸ். சூப்பர் கிங்ஸ் மஞ்சள் மாதிரி இருக்கிறதே என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், பலகையின் மஞ்சள் அதற்கு முன்பே இருந்தது. எதிரணியும் மஞ்சளில் வந்தால் சிக்கல், இரண்டு அணியும் நடுவரும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்பது கால்பந்தின் 4-ஆவது விதி, கோல்கீப்பர் எல்லாரிடமிருந்தும் வேறு நிறத்தில் இருக்க வேண்டும். அதனால் கோல்கீப்பருக்குப் பச்சையில் இரண்டு, அவசரத்துக்கு நீல நிற பிப் (ஜெர்சிக்கு மேல் மாட்டுகிற கையில்லாத மேலாடை) ஒரு டஜன் வாங்கி வையுங்கள்.

வெள்ளை வேண்டாம் என்பதற்கு முக்கியமான காரணத்தை இன்னும் சொல்லவில்லை. 13 முதல் 19 வயதுப் பிள்ளைகள். மாதவிடாய் நாளில் வெள்ளை ஷார்ட்ஸ் போட்டு ஓடுகிற பிள்ளையின் மனசு பந்திலா இருக்கும்? சிலர் அந்த வாரம் முழுவதும் ‘காய்ச்சல் அக்கா’ என்று வராமல் நின்றுவிடுவார்கள், உங்களுக்குக் காரணமே தெரியாது. இங்கிலாந்து பெண்கள் அணி வீராங்கனைகளே இதை வெளிப்படையாகப் பேசி, 2023-ல் வெள்ளை ஷார்ட்ஸ் போய் நீலம் வந்தது. வெள்ளையை விட்டுக் கொடுக்காத விம்பிள்டனே அதே 2023-லிருந்து பெண்கள் உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் போடலாம் என்று விதியைத் தளர்த்தியது. வேர்வையிலும் மழையிலும் வெள்ளை மேலாடை உடம்போடு ஒட்டி உள்ளே தெரியும் என்பது இன்னொன்று. இதை யாரும் உங்களிடம் வந்து கேட்க மாட்டார்கள், நீங்களாகவே முதலில் சரிசெய்துவிடுங்கள். ஷார்ட்ஸுக்கு உள்ளே லெக்கிங்ஸ் போட விரும்புகிறவர்களுக்குக் கறுப்பிலேயே வாங்கச் சொல்லுங்கள், ஷார்ட்ஸின் நிறத்தோடு பொருந்த வேண்டும் என்று விதி இருக்கிறது. தலையில் துணி கட்டிக்கொண்டு ஆடுவது 2014-லிருந்து விதிப்படியே சரி, அதையும் கறுப்பில் தைத்துவிடலாம்.

எண் விஷயத்தில் நான் பார்த்த ஒன்று. கரும்பச்சை ஜெர்சியில் கறுப்பு எண் கேட்டு ஓர் அணி வந்தது, நானும் போட்டுக் கொடுத்தேன். அரையிறுதியில் நடுவருக்கு 3 எது 8 எது என்று தெரியாமல், தப்பே செய்யாத பிள்ளைக்கு மஞ்சள் அட்டை போனது. அவள் அழுதுகொண்டே ஆடினாள். அன்றிலிருந்து எண் தெரியாத ஆர்டரை நான் எடுப்பதில்லை. மஞ்சளில் கறுப்பு, முதுகில் 25 செ.மீ. உயரம், தடித்த நேர் எழுத்து. வெள்ளையில் தங்கம் பத்தடி தள்ளினாலே தெரியாது, அந்த மினுமினு ஃபாயில் பிரிண்ட் சில துவையலில் வெடித்துவிடும். பிள்ளைகள் பெயரை முதுகில் போடாதீர்கள், எண் மட்டும் போதும், ஒருத்தி படிக்கப் போய்விட்டால் அடுத்தவள் போட்டுக்கொள்ளலாம்.

துணி, பாலியஸ்டர் நிட், 140-லிருந்து 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு). காட்டன் நல்லதுதானே என்று பெற்றோர் கேட்பார்கள். காட்டன் வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சென்னைப் புழுக்கத்தில் இரண்டாம் பாதியில் ஈரத் துண்டைச் சுமந்து ஓடுவது போல இருக்கும். பிரிண்ட், சப்ளிமேஷன் என்று கேளுங்கள். சுமார் 200 டிகிரி சூட்டில் மை ஆவியாகி நூலுக்குள்ளேயே போய்விடுகிறது, அதனால் உரிய வழியில்லை, துணியின் காற்றோட்டமும் அடைபடாது. பாலியஸ்டரில்தான் அது பிடிக்கும், வெள்ளைத் துணியில் மஞ்சளோடு சேர்த்தே அடித்துவிடுவார்கள். மேலே ஒட்டுகிற ஸ்டிக்கர் பிரிண்ட் வேண்டாம். எம்பிராய்டரி பேட்ஜும் வேண்டாம், பின்பக்கம் நெஞ்சில் உரசிக்கொண்டே இருக்கும்.

தமிழ் எழுத்தில் ஒரு கண் வையுங்கள். டிசைன் செய்கிற சாஃப்ட்வேரில் ஃபான்ட் மாறினால் ‘லோ’வின் கொம்பு தனியாகக் கழன்று, லகரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிடும், நடுவில் ஒரு புள்ளி வட்டம் வேறு வந்து நிற்கும். டிசைனருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் அப்படியே பிரஸ்ஸுக்குப் போய்விடும். பிரிண்டுக்கு முன் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துப் பார்த்து ஓகே சொல்லுங்கள்.

15,000 ரூபாயை, 18 பிள்ளைகளுக்கும் உபரி இரண்டுக்குமாக 20 செட்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 750. துணிக்கும் ஷார்ட்ஸுக்கும் முதலில் ஒதுக்குங்கள், சாக்ஸ் அடுத்தது, மிச்சமிருந்தால் பிப். பையன்கள் அளவில் எம், எல் என்று வாங்காதீர்கள், தோள் தொங்கும், இடுப்பு பிடிக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குச் சரியாக இருக்கிற ஒரு டி-ஷர்ட்டைக் கொண்டுவரட்டும், அதை வைத்து அளவெடுங்கள். 13, 14 வயதுக்காரர்களுக்கு ஒரு அளவு கூட்டுங்கள். எண் போடாத மேலாடை இரண்டு எடுத்து வையுங்கள், கிழிந்தால் அதில் எண் அடித்துக்கொள்ளலாம்.

மொத்த ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு சாம்பிள் கேளுங்கள், கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற மஞ்சளும் துணியில் வருகிற மஞ்சளும் ஒன்றாக இருக்காது. அதை ஐந்து தடவை துவைத்து, ஒரு மாலை ஐந்தே முக்காலுக்கு மைதானத்துக்கு எடுத்துப் போய் கோல் போஸ்ட்டில் மாட்டிவிட்டு, நடுக்கோடு வரை நடந்து வந்து திரும்பிப் பாருங்கள். எண் தெரிந்தால் மீதி 19-க்குப் பணத்தைக் கட்டிவிடலாம்.