பதிஞ்சு வச்சா வேலை தானா வருமா?

அறந்தாங்கி பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. அவரோட தங்கச்சிக்கு பிறந்ததுல இருந்தே காது கேக்காது, காதுகேளாதோருக்கான அரசு ஸ்கூல்ல ஹாஸ்டல்ல தங்கி +2 முடிச்சிருக்கு. சொந்தக்காரங்க தையல் கத்துக்கிட்டு வீட்லயே இருக்கட்டும்னு சொல்றாங்க, பக்கத்து வீட்டுக்காரர் எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சு வச்சா கவர்மென்ட் வேலை தானா வரும்ங்கறாரு. எதை நம்புறதுன்னு கேக்குறாரு.

தம்பி, ரெண்டு பேர் சொன்னதும் எழுதியிருக்கீங்க, தங்கச்சி என்ன சொல்லுதுன்னு ஒரு வரி கூட இல்லையேப்பா. அதுக்கு தையல் பிடிச்சிருந்தா தாராளமா கத்துக்கட்டும், ஆனா வேற வழியே இல்லன்னு நினைச்சு உக்கார வைக்காதீங்க.

பதிஞ்சா வேலை வரும்ங்கறது பழைய கதை, இப்ப பெரும்பாலான வேலை பரீட்சை வழியாத்தான் வருது. 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில 4%, அதுல 1% காதுகேளாதவங்களுக்கு, பார்வையில்லாதவங்களுக்கு தனியா 1%. ஆனா அந்த இடமும் மாநில அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி, மத்திய அரசு வேலைக்கு எஸ்எஸ்சி விடற நோட்டிஃபிகேஷன்லதான் வரும், அப்ளை பண்ணி எழுதினாத்தான் கிடைக்கும். அதுக்காக பதியாம விட்றாதீங்க, +2 முடிச்சவங்களுக்கு பதிஞ்சு ஒரு வருஷம் ஆச்சுன்னா மாசம் 750 ரூபா உதவித்தொகை உண்டு, ரெகுலர் காலேஜ்ல படிக்கிறப்ப மட்டும் அது வராது. 750 ரூபாய்க்காக காலேஜை விட்ற வேண்டாம்னு தெளிவா சொல்றேன்.

ஏன்னா சென்னை மாநிலக் கல்லூரியில காதுகேளாத பிள்ளைங்களுக்குன்னே தனியா பி.காம், பிசிஏ இருக்கு, 2007ல ஆரம்பிச்சது, சைகை மொழியிலயே பாடம். அரசு கலைக் கல்லூரி அட்மிஷன்ல மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பிரிவு கவுன்சிலிங் பொதுக் கவுன்சிலிங்குக்கு முன்னாடியே முடிஞ்சிரும், அதனால ஆன்லைன்ல அப்ளிகேஷன் திறந்த உடனே போட்ருங்க. தன்னை மாதிரி கை அசைச்சு பேசுற பிள்ளைங்களோட இருக்கறதே பாதி படிப்பு, வீட்டுக்குள்ள அதுக்கு பேச ஆளே இருக்காதுல்ல.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கறது. காதுகேளாத பிள்ளைங்களுக்கு பரீட்சையில ஒரு மொழிப் பாடத்துல இருந்து விலக்கு கொடுக்கறாங்க, நல்ல எண்ணத்துலதான். ஆனா நிறைய பிள்ளைங்க அந்த மொழியை அப்படியே விட்டுட்றாங்க, கடைசியில வேலைக்கான பரீட்சையில கேள்வியே புரியாம அந்த 1% இடத்தையும் கோட்டை விட்றாங்க. பாஸ் பண்றதுக்கு விலக்கை வாங்கிக்கலாம், படிக்கறதுல விலக்கு எடுக்கக் கூடாது. தினம் ஒரு பத்தி பேப்பர்ல படிச்சு அதுக்கு என்ன புரிஞ்சுதுன்னு எழுதிக் காட்டச் சொல்லுங்க, நீங்களும் அதுகிட்ட கொஞ்சம் சைகை கத்துக்கோங்க தம்பி, இல்லன்னா எப்படி விளக்குவீங்க?

காலேஜ் படிச்சுக்கிட்டே எழுத மத்திய அரசு ஆபீஸ்கள்ல கடைநிலை வேலைக்கான எஸ்எஸ்சி எம்டிஎஸ் பரீட்சை நல்ல ஆரம்பம், பத்தாவது போதும், 2023ல இருந்து தமிழ்லயே எழுதலாம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஃபீஸ் கிடையாது, வயசுல 10 வருஷம் தளர்வும் இருக்கு. சென்னைக்கு வந்தா கிண்டியில மத்திய அரசோட மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையத்துக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க, எந்தத் தொழில் ஒத்துவரும்னு பார்த்து பயிற்சியும் கொடுக்கறாங்க.

இதுக்கெல்லாம் முதல்ல கேக்கறது யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, அதுல குறைபாடு 40% இல்ல அதுக்கு மேலன்னு இருக்கணும். கார்டு இல்லன்னா புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸ் போயி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க, எங்க டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லுவாங்க. தங்கச்சியையும் கூட்டிட்டுப் போங்க, அங்க கேக்கற கேள்விக்கு நீங்க முந்திக்காம அது எழுதியே பதில் சொல்லட்டும்.