மாக்ஸ் வெபரை எங்கிருந்து தொடங்குவது? கேள்வி பதில்

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் கேட்டவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள். என் துறைக்கு வெளியே போனவற்றுக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: சார், சமூகவியல் முதலாண்டு மாணவி நான். வெபரின் முக்கியமான நூல் என்று சொன்னார்களே என்று 'பொருளாதாரமும் சமூகமும்' வாங்கிவிட்டேன். பத்துப் பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை.

பதில்: அதை இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள் அம்மா. அது அவர் எழுதி முடித்த புத்தகமே இல்லை. 1920 ஜூன் 14 அன்று மியூனிக்கில் நிமோனியாவில் இறந்தபோது அவருக்கு வயது 56. முதல் பகுதியைத்தான் அச்சுக்குத் தயார் செய்திருந்தார். மீதிக் கையெழுத்துப் படிகளை அவர் மனைவி மரியானே வெபர் தொகுத்து வெளியிட்டார். தொடக்கத்தில் இருப்பது வரையறைகளின் வரிசை. அதில் தொடங்கிய பலர் வெபரையே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

'அரசியல் ஒரு தொழிலாக' என்ற சொற்பொழிவில் தொடங்குங்கள். 1919 ஜனவரியில் மியூனிக்கில் மாணவர்கள் முன் பேசியது. போரில் ஜெர்மனி தோற்று, பேரரசர் நாட்டைவிட்டுப் போய், அந்த நகரமே புரட்சியில் கொதித்துக்கொண்டிருந்த நேரம். எந்தப் பக்கம் நிற்பது என்று இவர் சொல்வார் என எதிர்பார்த்து வந்தவர்களிடம், என் பேச்சு உங்களை ஏமாற்றத்தான் போகிறது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். அப்புறம்தான் அரசு என்பது என்ன, அரசியலில் இறங்குகிறவனுக்கு என்ன வேண்டும் என்று போகிறார். ஈடுபாடு, பொறுப்புணர்ச்சி, நிதானமாக அளந்து பார்க்கும் கண் என்று மூன்றைச் சொல்கிறார். இது கைவசமானால் 1917இல் பேசிய 'அறிவியல் ஒரு தொழிலாக', அதன்பின் 'புராட்டஸ்டண்ட் அறம்'. பெரிய புத்தகம் கடைசியில்.

கேள்வி: புராட்டஸ்டண்ட் மதம்தான் முதலாளித்துவத்தை உண்டாக்கியது என்று வெபர் சொன்னதாகப் படித்தேன். நம்பும்படி இல்லையே?

பதில்: நம்ப வேண்டாம், அவர் அப்படிச் சொல்லவில்லை. புராட்டஸ்டண்ட் மதத்தைப் பிறப்பித்த சீர்திருத்த இயக்கம் இல்லாவிட்டால் முதலாளித்துவமே வந்திருக்காது என்பது அசட்டுத்தனமான வாதம் என்று 'புராட்டஸ்டண்ட் அறம்' புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். பணத்தாசை எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். அந்தப் புத்தகம் 1904, 1905இல் இரண்டு கட்டுரைகளாக வந்தபோது அவர் கேட்டது வேறு கேள்வி: தேவை தீர்ந்த பிறகும் நிறுத்தாமல் உழைத்து, சம்பாதித்ததைச் செலவழிக்காமல் திரும்பத் தொழிலிலேயே போடுவதுதான் ஒழுக்கம் என்று ஒரு கூட்டம் எப்படி நினைக்கத் தொடங்கியது?

இது ஏன் விளக்கம் கேட்கும் விஷயம் என்பதற்கு அவர் தரும் உதாரணத்தைப் பாருங்கள். அறுவடைக் கூலியாள் ஒருவன் ஏக்கருக்கு ஒரு மார்க் கூலிக்கு நாளுக்கு இரண்டரை ஏக்கர் அறுக்கிறான். கையில் இரண்டரை மார்க். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பண்ணைக்காரர் கூலியை ஒன்றேகால் மார்க்காக உயர்த்துகிறார். மூன்று ஏக்கர் அறுத்தால் மூன்றே முக்கால் மார்க் கிடைக்கும். அவனோ இரண்டு ஏக்கரோடு அரிவாளை வைத்துவிடுகிறான், ஏனென்றால் பழைய இரண்டரை மார்க் வந்துவிட்டது. எவ்வளவு அதிகம் சம்பாதிக்கலாம் என்று அவன் கணக்குப் போடவில்லை. வழக்கமான தேவைக்கு எவ்வளவு உழைத்தால் போதும் என்றுதான் போடுகிறான். மனித வரலாற்றில் பெரும்பாலோர் இவனைப் போலத்தான் இருந்தார்கள் என்பது வெபரின் கருத்து. மாறியவர்களுக்குத்தான் காரணம் தேட வேண்டும்.

அவர் கண்ட காரணங்களில் ஒன்று, கால்வின் என்ற புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதியின் வழிவந்த நம்பிக்கை. யாருக்கு மீட்பு, யாருக்கு இல்லை என்பதைக் கடவுள் முன்பே முடிவு செய்துவிட்டார். பூசையோ பாவமன்னிப்போ அதை மாற்றாது. இதை மனதார நம்புகிறவன் இரவில் எப்படித் தூங்குவான்? நான் எந்தப் பக்கம் என்ற தவிப்போடு வந்தவர்களுக்குப் போதகர்கள் சொன்ன வழி, சந்தேகத்தை விட்டுவிட்டு உன் தொழிலில் ஓயாமல் உழை என்பது. நாளடைவில் தொழிலில் கிடைத்த வெற்றி அருளின் அறிகுறியாகத் தெரியத் தொடங்கியது. ஆடம்பரம் பாவம். அப்படியானால் சேர்ந்த பணம் எங்கே போகும்? தொழிலுக்கே திரும்பும். ஒரு கோட்பாடு தர்க்கப்படி எதில் முடியும் என்று மட்டும் பார்த்தால், இந்த நம்பிக்கை சோம்பலில்தான் முடிந்திருக்க வேண்டும். நம்பியவனின் மனத்தில் அது என்ன செய்தது என்று பார்த்ததால் வெபருக்கு வேறு விடை கிடைத்தது. வெபரிடம் கற்க வேண்டிய ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: அந்த மனிதனுக்கு அந்தச் செயல் என்ன பொருளில் இருந்தது என்று கேட்பது.

கேள்வி: மார்க்ஸா, வெபரா? யார் சரி?

பதில்: பொருளியல் காரணங்களை வெபர் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பொருளாதாரமே காரணம் என்ற ஒருதலையான பொருள்முதல் விளக்கத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒருதலையான ஆன்மிக விளக்கத்தை வைப்பது தன் நோக்கமில்லை என்று 'புராட்டஸ்டண்ட் அற'த்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்.

கேள்வி: அதிகாரவர்க்கத்தைப் புகழ்ந்தவர்தானே வெபர்? அலுவலகங்களில் நாம் படும் பாட்டுக்கு அவர் என்ன சொல்வார்?

பதில்: புகழவும் இல்லை, தூற்றவும் இல்லை. அது ஏன் எல்லா இடத்திலும் ஜெயிக்கிறது என்று விளக்கினார். அவருடைய வர்ணனையைத் தெரிந்துகொள்ள ஓர் அதிகாரியின் மேசையைப் பாருங்கள். மேசை அவருடையதில்லை, பேனாவும் அவருடையதில்லை. மாதச் சம்பளம் உண்டு. முத்திரை போட்டால் கிடைக்கும் கட்டணம் அவர் பைக்குப் போகாது. கோப்பில் இல்லாதது நடக்காததற்குச் சமம். அவர் மாற்றலாகிப் போனாலும் அடுத்தவர் அதே கோப்பில் அடுத்த வரியை எழுதுவார். 1789க்கு முந்தைய பிரான்சில் நீதிபதிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கி மகனுக்கு விட்டுப்போனார்கள். அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். ஆளைப் பார்க்காமல் விதியைப் பார்ப்பது நியாயமும்கூட. உங்கள் தனிக்கஷ்டம் அங்கே எடுபடாமல் போவதும் அதே காரணத்தால்தான். இந்த இரண்டையும் பிரிக்க முடியாது என்பதுதான் வெபரை வாட்டியது.

கேள்வி: அண்ணா, எனக்குப் பிடித்த தலைவரிடம் இருப்பது வெபர் சொன்ன ஆளுமைக் கவர்ச்சியா?

பதில்: தம்பி, தலைவரைப் பார்க்காதீர்கள், பின்தொடர்கிறவர்களைப் பாருங்கள். இவரிடம் அசாதாரண ஆற்றல் இருக்கிறது என்று அவர்கள் நம்பி, அதனால் கீழ்ப்படிகிறார்களா? அந்த ஏற்பு இருக்கும்வரை அது அதிகாரம். தோல்விகள் தொடர்ந்து வந்தால் கரைந்துவிடும். தலைவர் இறந்த பிறகு வாரிசு யார் என்ற கேள்வியில் அது பரம்பரையாகவோ பதவியாகவோ மாறும். வெபர் அதிகம் அக்கறை காட்டியது அந்த மாற்றத்தில்தான்.

கேள்வி: நடிகர்களுக்கு இருப்பது அந்தக் கவர்ச்சியா? மதத் தலைவர்களுக்கு? எங்கள் மேலாளருக்கு?

பதில்: முந்தைய பதிலேதான். யாராக இருந்தாலும் கீழ்ப்படிகிறவர்களிடம் தொடங்குங்கள்.

கேள்வி: மதிப்பீடு கலக்காத அறிவியல் பற்றிப் பேசியவர், 1895இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத் தொடக்க உரையில் போலந்துத் தொழிலாளர்களை இழிவாகப் பேசி, எல்லையை மூடச் சொன்னார். அவரையா புதிய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்துகிறீர்கள்?

பதில்: பேசினார், உண்மை. எல்பே ஆற்றுக்குக் கிழக்கே பெரும் பண்ணைகள் குறைந்த கூலிக்குப் போலந்துக்காரர்களைக் கொண்டுவந்தன, ஜெர்மானிய உழவர்கள் வெளியேறினார்கள் என்பது அவர் ஆராய்ந்து கண்டது. அதற்கு இன இயல்பைக் காரணம் காட்டியது அவருடைய முன்முடிவு. மதிப்பீட்டைத் தள்ளிவைப்பது என்றால் ஆய்வாளனுக்குக் கருத்தே கூடாது என்று அவர் சொல்லவில்லை. கேள்வியை நம் மதிப்பீடுகள் தேர்ந்தெடுக்கும். விடை நமக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அதை அப்படியே சொல்ல வேண்டும். எதிர்த்துப் பேச முடியாத மாணவர்கள் முன் வகுப்பறையைப் பிரசார மேடையாக்கக் கூடாது.

கேள்வி (அதே நண்பர்): அந்த உரையில் வெபர் செய்ததுபோல, தேசத்தின் நலனுக்காகப் பேசுகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. அவர் பின்னாளில் வகுத்த அளவுகோலை வைத்தே பார்த்தால் அந்த உரை தேறாது. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1910இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த முதல் ஜெர்மன் சமூகவியல் மாநாட்டில் ஆல்ஃபிரட் ப்ளோட்ஸ், சமூகத்தை இனத்தின் பிறவிக் குணத்தால் விளக்கும் இன உயிரியலை முன்வைத்தபோது, ஆதாரம் எங்கே என்று எதிர்த்தவர் வெபர். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸின் கட்டுரையை 1906இல் தன் ஆய்விதழில் வெளியிட்டார்.

கேள்வி (இன்னொருவர்): நீங்கள் அவருக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வலுவான குடியரசுத் தலைவர் வேண்டும் என்று 1919இல் வாதாடியவரும் அவர்தானே? அந்தப் பதவியை வைத்துத்தானே பின்னால் ஜனநாயகம் கவிழ்ந்தது?

பதில்: இந்தக் குற்றச்சாட்டு முன்னதைவிடக் கனமானது. 1959இல் ஜெர்மன் வரலாற்றாசிரியர் வொல்ஃப்காங் மோம்சன் எழுதிய நூல் இதைத்தான் கிளப்பியது. 1964இல் ஹைடல்பர்கில் வெபர் நூற்றாண்டையொட்டி நடந்த மாநாட்டிலும் பெரிய சண்டையானது. 1933இல் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஹிட்லரைப் பிரதமராக்கியதற்கு 1920இல் இறந்தவரைப் பொறுப்பாக்க முடியாது. ஆனாலும் கவர்ச்சித் தலைமை எப்படிக் கட்டுக்கடங்காமல் போகும் என்று அவ்வளவு நுட்பமாக எழுதியவர், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வலுவான தலைவருக்காக வாதாடியதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் அரசியலில் ஆகப் பலவீனமான இடம் அதுதான் என்பது என் முடிவு. நீங்கள் இருவரும் இதே எரிச்சலோடு வெபரைப் படியுங்கள், பக்தியோடு படிப்பதைவிட அது பயன் தரும்.

கேள்வி: இந்து மதம் பற்றி அவர் எழுதியது சரியா?

பதில்: 1916, 1917இல் வெளியானது. அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளையும் மொழிபெயர்ப்புகளையும் வைத்து எழுதினார். சரிபார்க்க வேண்டியவர்கள் இந்திய வரலாற்று அறிஞர்கள். அவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: மார்க்ஸ், வெபர் வேறுபாடு பத்து மதிப்பெண் விடையாகக் கிடைக்குமா?

பதில்: மேலே மார்க்ஸ் பற்றிய பதில் இருக்கிறது. மதிப்பெண் விடை தயாரித்துத் தர மாட்டேன்.

கேள்வி: முதலில் கேட்ட மாணவிதான் சார். சொற்பொழிவைத் தொடங்கிவிட்டேன். நடுவில் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன், அமெரிக்கக் கட்சி 'பாஸ்'கள் என்று ஒரேயடியாகப் பெயர்கள் வருகின்றன. சிக்கிக்கொண்டேன்.

பதில்: கட்சிகளின் வரலாறு வரும் அந்த நடுப்பகுதியை முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம் அம்மா. அரசை வரையறுக்கும் தொடக்கப் பக்கங்களைப் படித்துவிட்டு, அரசியலுக்கும் அறத்துக்கும் என்ன உறவு என்று அவர் கேட்கும் இடத்துக்கு நேரே போங்கள். விளைவைக் கடவுளிடம் விட்டுவிட்டுத் தன் கொள்கைப்படி நடப்பவன் ஒருவன், விளைவுக்குத் தானே பொறுப்பேற்கிறவன் ஒருவன். இரண்டு பேரையும் அவர் எதிரெதிரே நிறுத்துவது அங்கேதான். படித்துவிட்டு, கடைசியில் அவர் யார் பக்கம் நிற்கிறார் என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.