பல குழுக்கள் பகிரும் பில்ட் சர்வர்களில் ஜேடிகே, மேவன் பதிப்புகளுக்கு ஒரே மாதிரி பெயர் வைப்பது அவ்வளவு முக்கியமா?

உங்கள் நிலைமை கேள்வியிலேயே தெரிகிறது. நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஜென்கின்ஸ் சர்வர் ஒன்று, அதில் நாலைந்து குழுக்கள். ஜேடிகே (கம்பைலர் உள்ளிட்ட ஜாவா கருவித் தொகுப்பு), மேவன் (ஜாவா ப்ராஜெக்டைக் கட்டும் கருவி) எல்லாம் இருக்கும் டூல் பட்டியலைத் திறந்தால் 'ஜேடிகே8', 'ஜாவா 1.8', 'ஜேடிகே-லேட்டஸ்ட்', 'டீஃபால்ட்' என்று ஆளுக்கொரு பெயர். மாற்றலாம் என்று நீங்கள் வாய் திறந்ததும் யாரோ ஒருவர் "ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்டிருப்பார். எனக்கும் அதே கேள்விதான் வந்தது, பல தடவை.

முக்கியம்தான். பட்டியல் பார்க்க அழகாக இருப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பெயர் என்ன சொல்கிறதோ அதுதான் உள்ளே இருக்கிறதா, எல்லா மெஷினிலும் அதுவே இருக்கிறதா, நாளைக்கும் அதுவே இருக்குமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாத பெயர் எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பயன் இல்லை.

நான் சிங்கப்பூரில், சாங்கி பிசினஸ் பார்க்கில், ஒரு நிதி நிறுவனத்தின் பில்ட் குழுவில் பல வருஷம் வேலை பார்த்தவன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் ஜென்கின்ஸைச் சிங்கப்பூர், சென்னை, மணிலா மூன்று இடத்து ஆட்களும் பயன்படுத்தினார்கள். முதலில் ஊருக்கு ஒன்றாக இருந்ததைச் செலவைக் குறைக்க ஒன்றாக்கினார்கள். சர்வர்கள் ஒன்றாயின, பெயர்கள் ஆகவில்லை. ஒவ்வொரு ஊரும் தன் பட்டியலை மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறக்கியது.

உங்களுக்கே தெரியும், ஜென்கின்ஸ் பைப்லைனில் (பில்டின் படிகளை எழுதிவைக்கும் கோப்பில்) டூல்ஸ் பகுதியில் எழுதும் பெயர், நிர்வாகப் பக்கத்தில் இருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால்கூட நிறுத்திவிட்டு, "நீங்கள் சொன்னது இதுவா?" என்று பக்கத்துப் பெயர் ஒன்றைக் காட்டும். இப்படி முகத்துக்கு நேரே தோற்பது நல்லது, ஐந்து நிமிஷத்தில் சரி செய்துவிடலாம். பெயர் ஒத்துப்போய், உள்ளே வேறு சரக்கு இருக்கும்போதுதான் ஆபத்து.

எங்களுக்கு அதுதான் நடந்தது. ஜென்கின்ஸில் ஒவ்வொரு ஏஜென்டிலும் (பில்டை ஓட்டும் மெஷின்) டூல் இருக்கும் இடத்தைத் தனியாக மாற்றி எழுத வசதி உண்டு. 'ஜேடிகே8' என்ற பெயர் ஒரு ஏஜென்டில் மட்டும் ஒரு சிம்லிங்கைக் (வேறு இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) காட்டிக்கொண்டிருந்தது. அந்த லிங்க்கை யாரோ தங்கள் ப்ராஜெக்டுக்காக ஜாவா 11-க்குத் திருப்பிவிட்டார்கள். பெயர் பழையபடி 'ஜேடிகே8'.

உடனே வெடித்திருந்தால் பரவாயில்லை. எங்கள் பாம் கோப்பில் (மேவனுக்கான அமைப்புக் கோப்பு) சோர்ஸ், டார்கெட் இரண்டும் 1.8, அதாவது ஜாவா 8, என்று இருந்ததால், 11-இல் கம்பைல் ஆன கிளாஸ் கோப்புகளும் 52 என்ற பதிப்பு எண்ணோடுதான் வந்தன. அது ஜாவா 8-க்கு உரிய எண். ஆகவே பதிப்பு ஒத்துப்போகவில்லை என்ற வழக்கமான பிழை வரவில்லை. யூனிட் டெஸ்ட்டும் அதே 11-இல் ஓடிப் பச்சை காட்டியது. யூஏடி (பயனர் ஏற்புச் சோதனை) சர்வரில், உண்மையான ஜாவா 8-இல் ஏற்றியபோதுதான் 'நோ சச் மெத்தட் எரர்': பைட்பஃபரில் ஃபிளிப் என்ற மெத்தட் இல்லையாம். ஃபிளிப் எப்படி இல்லாமல் போகும்? காரணம் இது. ஜாவா 8-இல் ஃபிளிப் மேல் வகுப்பான பஃபரில் இருக்கிறது, பஃபரைத்தான் திருப்பித் தரும். ஜாவா 9-இல் பைட்பஃபருக்கென்று தனியாக எழுதி, பைட்பஃபரையே திருப்பித் தரும்படி மாற்றினார்கள். புதிய ஜேடிகே கம்பைலர் அந்தப் புதிய மெத்தட்டைத் தேடும்படி எழுதிவைத்துவிட்டது. பழைய ஜாவாவில் அது கிடையாது.

வேதனை என்னவென்றால், பில்ட் எந்த ஏஜென்டில் விழுகிறதோ அதைப் பொறுத்து இது வரும், போகும். மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். "ப்ரோ, ரீரன் பண்ணேன், பாஸ் ஆயிடுச்சு, டிக்கெட்ட மூடிடவா?" என்று சென்னையிலிருந்து ஒரு தம்பி கேட்டார். அவர் மேல் தப்பில்லை. 'ஜேடிகே8' என்று எழுதியிருந்தால் 8 என்றுதான் யாரும் நம்புவார்கள். நானும் லாகில் (பில்டின் பதிவில்) முதலில் பார்த்தது பெயரைத்தான். 'பூட்ஸ்ட்ராப் கிளாஸ் பாத் அமைக்கப்படவில்லை' என்ற எச்சரிக்கை ஒரு வரி அங்கே இருந்தது. ஜாவா 8 கம்பைலர் 8-க்கே கட்டும்போது அந்த வரி வராது. அதைப் பிடித்துக்கொண்டுதான் சிம்லிங்க் வரை போனோம்.

கம்பைலருக்கு ரிலீஸ் 8 என்ற ஆப்ஷனைக் கொடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே என்று ஒருவர் கமெண்டில் எழுதப்போகிறார். உண்மைதான், அது ஜாவா 9-இலிருந்து இருக்கிறது. ஆனால் அந்த ஆப்ஷனை ஜாவா 8 கம்பைலர் ஏற்காது. 8-இல் கட்டுகிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர் அதை எதற்குப் போடுவார்? இன்னொருவர், எல்லாவற்றையும் டாக்கர் இமேஜில் (டூல்களோடு சேர்த்துக் கட்டிய பொட்டலம்) போடுங்கள் என்பார். போட்டோம், பிறகு. அங்கேயும் 'லேட்டஸ்ட்' என்று டேக் வைத்து இதே கூத்தை நடத்த முடியும், நடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குழப்பத்தில் பாதி ஜாவா செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2004-இல் வந்த 1.5-ஐ ஜாவா 5 என்று விற்றார்கள், கமாண்ட் லைனில் கேட்டால் 1.5 என்று சொல்லும். 2014-இல் வந்த 8 வரை இதே கதை. 2017 செப்டம்பரில் 9 வந்தபோதுதான் முன்னால் இருந்த '1.' போனது. பதிப்பு எண்ணில் முதல் புள்ளிக்குப் பிறகு வருவதை வெட்டி எடுக்கும் ஷெல் ஸ்கிரிப்டுகள், 11.0.2-ஐப் பார்த்துவிட்டு 'ஜாவா 0' என்று சொன்னதெல்லாம் நடந்திருக்கிறது. லினக்ஸ்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை: ரெட் ஹேட்டில் அதே ஜாவாவின் கோப்புறைப் பெயரில் 1.8.0 என்று இருக்கும், உபுண்டுவில் வெறும் 8. பைத்தான் ஆட்கள் சிரிக்க வேண்டாம். யாமல் என்ற அமைப்புக் கோப்பில் பைத்தான் பதிப்பை 3.10 என்று மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் அது 3.1 ஆகிவிடும்.

சரி, 'லேட்டஸ்ட்' மாதிரி, உள்ளே இருக்கும் பதிப்பு மாறிக்கொண்டே போகும் நகரும் பெயர்களின் கதைக்கு வருகிறேன். எங்கள் பட்டியலில் 'மேவன்-3' என்று ஒரு பெயர் இருந்தது. அதற்குள் 3.6.3. 2021-இல் மேவன் 3.8.1 வந்தபோது, வெறும் ஹெச்டிடிபி முகவரியில், அதே மெஷினுக்கு வெளியே இருக்கும் ரெப்பாசிட்டரிகளை (லைப்ரரிகளை எடுக்கும் இடங்கள்) டீஃபால்ட்டாகவே தடுத்துவிட்டார்கள். பாதுகாப்புக்காக, சரியான முடிவு, மேவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் உள் நெக்ஸஸ் (நிறுவனத்தின் சொந்த ரெப்பாசிட்டரி சர்வர்) அப்போது ஹெச்டிடிபியில்தான் ஓடியது. வேறு ஊரில் இருந்த ஒரு நிர்வாகி 'மேவன்-3' என்ற அதே பெயருக்குள் 3.8 வரிசையை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை 3-க்குள் 3-ஐத்தானே வைத்தார். எங்கள் பில்ட் எல்லாம் சிவப்பு. பிழைச் செய்தியில் 'ஹெச்டிடிபி பிளாக்கர்' என்ற பெயரும் 0.0.0.0 என்ற முகவரியும். பெயர் 'மேவன்-3.6.3' என்று இருந்திருந்தால் அதற்குள் 3.8-ஐ வைக்க அவருக்கே கை வந்திருக்காது.

எப்போது நடந்தது தெரியுமா? தீபாவளிக்கு முதல் நாள் இரவு. இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கு எங்கள் நிறுவனத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று ஃப்ரீஸ் உண்டு. சீனப் புத்தாண்டுக்கும் உண்டு. தீபாவளி இங்கே பொது விடுமுறை, ஆனால் ஃப்ரீஸ் காலண்டரில் இடமில்லை. கேட்டால், "ஒரு நாள்தானே" என்பார்கள். நோன்புப் பெருநாளுக்கும் இதே பதில்தான், என் மலாய் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வருஷம் கொரோனாக் கட்டுப்பாட்டில் வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு விருந்தினர்தான் வரலாம். வந்த இரண்டு பேர் என் அக்காவும் அத்தானும். அவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் காதில் ஹெட்செட்டோடு நெக்ஸஸ் முகவரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் குளியல் சாயங்காலம்தான். பெயர் வைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

பிறகு என்ன செய்தோம்? 'மேவன்-3'-ஐ மறுபடி 3.6.3-க்குத் திருப்பினோம். 3.8-க்குத் தனிப் பெயர் கொடுத்தோம். நெக்ஸஸ் ஹெச்டிடிபிஎஸ் ஆனதும் ஒவ்வொரு குழுவும் தன் வசதிக்கு நகர்ந்தது.

அதற்கப்புறம்தான் மூன்று ஊரும் உட்கார்ந்து பேசி ஒரு வழக்கத்துக்கு வந்தோம். எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி கிடையாது, அடைப்புக்குறி கிடையாது. முதலில் டூல், பிறகு யாருடைய பில்ட் (அதாவது அந்த டூலை வெளியிட்டது யார்), பிறகு பதிப்பு: 'ஜேடிகே-டெமுரின்-17.0.9' என்பதுபோல. டெமுரின் என்பது இலவச ஜேடிகே ஒன்றின் பெயர். யாருடைய பில்ட் என்பது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 2019-இல் ஆரக்கிள் ஜாவா 8-க்கு உரிம விதிகளை மாற்றியது. 8-இன் 202-ஆம் அப்டேட் வரை ஒரு விதி, அந்த ஏப்ரலில் வந்த 211-இலிருந்து வணிகப் பயன்பாட்டுக்குக் காசு. வெறும் 'ஜேடிகே8' என்று இருந்தால் சட்டப் பிரிவு கேட்கும்போது ஒவ்வொரு மெஷினாகப் போய்த் திறந்து பார்க்க வேண்டும். தணிக்கையும் அப்படித்தான். சிங்கப்பூர் நாணய ஆணையம் 2021 ஜனவரியில் தொழில்நுட்ப அபாய நிர்வாக வழிகாட்டிகளைத் திருத்தி வெளியிட்டது. அதற்குப் பிறகு எங்கள் உள் தணிக்கையாளர்களின் கேள்விகள் கூர்மையாகிவிட்டன. "இந்த ஜார் எந்த ஜேடிகேயில் கட்டியது?" என்று ஒரு அம்மா கேட்டார். (ஜார் என்பது கட்டி முடித்த ஜாவா கோப்பு.) 'ஜேடிகே-லேட்டஸ்ட்' என்று பதில் சொன்ன மேலாளரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முகவரியில் புளோக் எண் எழுதாமல் 'ஆகப் புதிய புளோக்' என்று எழுதினால் தபால்காரர் எங்கே போவார்?

நகரும் பெயரே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் நூறு பைப்லைனைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. அப்பாச்சி அறக்கட்டளையின் பொது ஜென்கின்ஸிலேயே 'ஜேடிகே_17_லேட்டஸ்ட்', 'மேவன்_3_லேட்டஸ்ட்' மாதிரிப் பெயர்கள் உண்டு. எண் முன்னால் நிற்கிறது, கவனியுங்கள்: 17-க்குள் மட்டும் நகரும். நாங்களும் தினசரிப் பில்டுக்கு அப்படி ஒரு பெயரை வைத்தோம், ரிலீஸ் பில்டுக்கு முழு எண் கட்டாயம். மேவனுக்கு மட்டும் நகரும் பெயரை '3.8' அளவுக்குச் சுருக்கினேன். தீபாவளியை நான் இன்னும் மறக்கவில்லை.

பழைய பெயர்களை ஒரே நாளில் அழித்துவிடாதீர்கள். ஒரே இடத்தைக் காட்டும் இரண்டு பெயர்களை ஜென்கின்ஸ் தாராளமாக ஏற்கும். பழையதையும் வைத்துக்கொண்டு புதியதைச் சேருங்கள், ஆட்கள் மெதுவாக மாறட்டும். பட்டியலை நிர்வாகப் பக்கத்தில் கையால் திருத்துவதை நிறுத்திவிட்டு, கான்ஃபிகரேஷன் ஆஸ் கோட் பிளகினில் (ஜென்கின்ஸ் அமைப்புகளைக் கோப்பாக எழுதும் வசதி) போட்டு கிட்டில் (கோப்பு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) வையுங்கள். யார், எப்போது, எந்தப் பெயருக்குள் எதை வைத்தார் என்பது அங்கே நிற்கும். ஏஜென்ட் அளவில் இடத்தை மாற்றும் அனுமதியை ஓரிருவருக்கு மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு பில்டின் தொடக்கத்திலும் ஜாவா, மேவன் பதிப்பை லாகில் அச்சிட ஒரு வரி சேருங்கள், செலவே இல்லை.

எங்கே தொடங்குவது என்றால் அந்த 'டீஃபால்ட்'டில். அதைப் பயன்படுத்தும் ஜாப்கள் எவை என்று ஜென்கின்ஸ்ஃபைல்களில் (பைப்லைன் கோப்புகளில்) தேடிப் பாருங்கள். அறிவிப்புக் கொடுத்து, ஒரு வாரம் விட்டு எடுத்துவிடுங்கள். பழைய ஃப்ரீஸ்டைல் ஜாப் (ஜென்கின்ஸ்ஃபைல் இல்லாமல் ஜென்கின்ஸ் பக்கத்திலேயே அமைத்தது) வைத்திருப்பவர் யாராவது நிச்சயம் கத்திக்கொண்டு வருவார். வந்தவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிப்பு மாற்றத்தின்போது முதல் மின்னஞ்சல் அவருக்குத்தான் போக வேண்டும்.